அந்த ஹெலிகாப்டர் கதை சரியில்லை

அண்ணா, 2014-ல் இங்கிலாந்தில் வந்த வெள்ளத்தில் அந்நாட்டு இளவரசர் வில்லியமே ஹெலிகாப்டர் ஓட்டி மக்களைக் காப்பாற்றினார், நம்ம ஊரில் அப்படி ஒருத்தர் உண்டா என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வேறு விஷயங்கள் கலந்துவிட்டன. அவர் விமானப்படையில் மீட்பு ஹெலிகாப்டர் விமானியாக இருந்தது உண்மைதான், வேல்ஸில் ஆங்கிள்சி தீவிலிருந்து 156 மீட்புப் பணிகளுக்குப் போயிருக்கிறார். ஆனால் 2013 செப்டம்பரிலேயே அந்த வேலையை விட்டுவிட்டார். தேம்ஸ் வெள்ளம் வந்தது 2014 பிப்ரவரியில். அப்போது அவரும் தம்பி ஹாரியும் டாட்செட் என்ற ஊருக்குப் போய், ராணுவ வீரர்களோடு நின்று மணல் மூட்டை இறக்கினார்கள், அவ்வளவுதான்.

அது சின்ன வேலை என்று நான் சொல்லவில்லை. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது விரிஞ்சிபுரம் பக்கம் நானும் மூட்டை தூக்கினேன், ஈரமணல் மூட்டை தோளில் ஏறினால் கழுத்து வழியாகச் சேற்றுத்தண்ணி முதுகில் இறங்கும், பத்து மூட்டைக்கு மேல் கை சாக்கைப் பிடிக்காது. எங்களோடு நின்றவர்கள் யாருக்கும் பட்டம் பதவி கிடையாது, தெருப் பசங்கள்தான். அவர்களை விட்டுவிட்டு நம்ம ஊரில் யாருமில்லை என்று எழுதினால் மனசு வலிக்கிறது.

இளவரசர்களிடம் மக்கள் எதிர்பார்ப்பது தப்பில்லை, ஹாரி நிலநடுக்கத்துக்கு அடுத்த வருஷம், 2016-ல், நேபாளம் போய் அரசு பயணம் முடிந்தபிறகும் தங்கிப் பள்ளிக்கூடம் கட்ட உதவினார், அதை எழுதுங்கள். ஹெலிகாப்டர் வரியை மட்டும் தயவுசெய்து திருத்திவிடுங்கள்.