கிங் ஏர் எல்லாம் ஒன்றுதானாம்

பீச்கிராஃப்ட் கம்பெனியின் கிங் ஏர் விமானங்களைப் பற்றிய ஞாயிற்றுக்கிழமை லைவ் பார்த்தவர்களுக்கு என் கோபம் புரியும். "எல்லா கிங் ஏரும் ஒன்றுதான், ரெண்டு காத்தாடி வைத்த பழைய பிளேன்" என்றார் அதில் பேசிய நண்பர். எந்த மாடல் சார் என்று கேட்டேன். சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

ஒன்று இல்லை சார். சி90பி-யில் ஒரு இன்ஜினுக்கு 550 குதிரைத் திறன், பி200-இல் 850, 350-இல் 1,050. பி200 அதிகபட்சம் 12,500 பவுண்டு எடையோடு கிளம்பலாம், 350 என்றால் 15,000. அமெரிக்க விதிப்படி 12,500-ஐத் தாண்டினால் பைலட்டுக்கு அந்த விமானத்துக்கென்றே தனி ரேட்டிங், அதாவது தனி அனுமதி வேண்டும். அதாவது பி200 ஓட்டுகிறவர் அதே தெம்பில் போய் 350-இல் உட்கார முடியாது. இதுதான் "ஒன்று"!

டி வடிவ வால் இருந்தால் 200, இல்லாவிட்டால் 90 என்று ஒருவர் கமெண்டில் வகுப்பு எடுத்திருக்கிறார். எஃப்90-க்கும் டி வால்தான் ஐயா. சரி, அது அபூர்வம், விடுங்கள்.

"பார்க்கிறவனுக்கு எதற்கு இவ்வளவு விவரம்?" என்பீர்கள். எனக்கு வேண்டியிருக்கிறது. பல வருடங்களுக்கு முன் இங்கே பெங்களூரில் நான் மெக்கானிக்காக இருந்த ஒரு ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்) பி200 ஒன்றுக்கு எக்ஸாஸ்ட் குழாய் மாற்ற வேண்டியிருந்தது. கிங் ஏரில் இருக்கிற பிடி6 என்ற இன்ஜினில் காற்று பின்பக்கம் நுழைந்து முன்பக்கம் புகையாக வெளியே வரும், அந்தக் கரியை ஏணியில் நின்று துடைத்துத் துடைத்தே என் பாதி வேலைநாள் போனது. ஆபீஸில் ஆர்டர் போட்டவர் "கிங் ஏர்" என்று மட்டும் எழுதி அனுப்பியிருக்கிறார். பெட்டியைத் திறந்தால் சி90-க்கானது. விமானம் ஒன்பது நாள் நின்றது. திட்டு வாங்கியது யார்? பேப்பர் எழுதியவர் இல்லை.

ஜெட்டை விட மெதுவாகப் போகும்தான், யார் இல்லை என்றது? சின்ன ஓடுபாதை உள்ள ஊருக்கு நோயாளியை ஏற்றிவரப் போகும்போது அந்தப் பேச்சையே எடுக்க மாட்டீர்கள். பழசு என்றால், முதல் கிங் ஏர் பறந்தது 1964, ஆனால் இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைத் தானாகவே பார்த்துக்கொள்ளும் 360 மாடல் வந்தது 2020-இல். அதுவும் பழைய பிளேனா?

சரி, பிளேனை விடுங்கள். "மெக்கானிக்கைக் கேட்டால் ஸ்பேனர் நம்பர்தான் சொல்வார்" என்றாரே அந்த நண்பர், அதற்கு நாற்பது பேர் சிரிப்புப் பொம்மை போட்டீர்களே, அதில் நான்கைந்து பேர் என் வீட்டில் சாப்பிட்டவர்கள். ஸ்பேனர் நம்பரும் சொல்வேன்தான். தப்பான நம்பரைப் போட்டால் போல்ட் தலையின் மூலைகள் மழுங்கிவிடும், அப்புறம் அதைக் கழற்ற ராத்திரி இரண்டு மணி வரை உட்கார வேண்டியது நான்தான்.

நண்பர் இதையும் படிப்பார், லைக் போட மாட்டார். பரவாயில்லை. மாடல் நம்பரை மட்டும் கமெண்டில் போடுங்கள் சார், இன்னும் காத்திருக்கிறேன்.