தோரோவின் சலவைப் பாக்கி

வால்டன் குளக்கரையில் தனியாக வீடு கட்டி வாழ்ந்து, அதைப் பற்றி 'வால்டன்' என்ற புத்தகமும் எழுதிய அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோவைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும், யாராவது ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்: "அந்த ஆளுக்குத் துணி துவைச்சுப் போட்டது அவங்க அம்மாதான், தெரியுமில்ல?" அத்தோடு எளிமை, தனிமை, தற்சார்பு எல்லாமே வேஷம் என்று தீர்ப்பாகிவிடும்.

எனக்கு இந்தக் கிண்டல் அலுத்துவிட்டது. சொல்பவர்களில் பலர் 'வால்டன்' புத்தகத்தின் முதல் அத்தியாயத்தைக்கூடப் புரட்டியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஏனென்றால் விஷயத்தைப் போட்டு உடைத்ததே தோரோதான். சாப்பாடு, உடுப்பு, எண்ணெய் என்று செலவுப் பட்டியல் போட்டுக்கொண்டு வருபவர், சலவையும் தையலும் பெரும்பாலும் வெளியில்தான் நடந்தன, அதற்கான பில் இன்னும் வந்து சேரவில்லை என்று எழுதி வைத்திருக்கிறார். நாம் நூற்றெழுபது வருஷம் கழித்துக் கண்டுபிடித்ததாக நினைக்கும் குட்டு, 1854இலேயே அச்சில் இருக்கிறது.

அந்த அத்தியாயமே ஒரு வரவு செலவு நோட்டுதான். வீட்டுக்கு ஆன மொத்தச் செலவு 28 டாலர் 12½ சென்ட். ஆணி 3 டாலர் 90 சென்ட். மரம் வெட்டக் கோடாலி இரவல். வாங்கியதைவிடக் கூர்மையாகத் திருப்பிக் கொடுத்தேன் என்று ஒரு பெருமை வேறு. வீட்டின் சட்டத்தைத் தூக்கி நிறுத்த நண்பர்கள் வந்தார்கள். நிலம் அவருடைய நண்பரும் எழுத்தாளருமான எமர்சனுடையது.

அதில் என்னால் மறக்க முடியாத பக்கம் ஒன்று உண்டு. பலகைக்காக ரயில் பாதையில் வேலை செய்த ஜேம்ஸ் காலின்ஸ் என்ற ஐரிஷ் தொழிலாளியின் குடிசையை 4 டாலர் 25 சென்டுக்கு விலை பேசுகிறார் தோரோ. இன்று ராத்திரி பணம், விடிகாலை ஐந்து மணிக்குக் குடும்பம் காலி செய்ய வேண்டும், ஆறு மணிக்குக் குடிசை இவர் கைக்கு வரும். சொன்னபடி ஆறு மணிக்கு நடந்து போகும்போது, வழியில் அந்தக் குடும்பம் எதிரே வருகிறது. ஒரே ஒரு பெரிய மூட்டை. படுக்கை, காப்பிக்கொட்டை அரைக்கும் கருவி, முகம் பார்க்கும் கண்ணாடி, கோழிகள், எல்லாம் அதற்குள். பூனை மட்டும் இல்லை; அது காட்டுக்குள் ஓடிப்போய், பிறகு ஏதோ பொறியில் சிக்கிச் செத்தது என்கிறார். அந்தக் குடும்பம் எங்கே போனது என்று அவர் கேட்கவில்லை. அதற்கு நான் அவர் மேல் கோபப்பட்டதுண்டு. ஆனால் தன் வீட்டுப் பலகை யாருடைய வீடாக இருந்தது என்பதை மறைக்காமல் எழுதியதால்தானே என்னால் கோபப்படவாவது முடிகிறது?

(சென்னைக்காரர்களுக்கு ஒரு உபரித் தகவல். 1846-47 குளிர்காலத்தில் நூறு ஐரிஷ் தொழிலாளிகள் வால்டன் குளத்தின் பனிக்கட்டியை அறுத்துக் குவித்தார்கள். மெட்ராஸ், பம்பாய், கல்கத்தாவில் வெயிலில் வாடும் மக்கள் என் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கப் போகிறார்கள் என்று தோரோ எழுதினார். பாஸ்டன் வணிகர் டியூடர் கப்பலில் அனுப்பிய பனிக்கட்டியை இறக்கி வைக்கக் கட்டியதுதான் கடற்கரையில் உள்ள ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். ஆனால் வால்டனில் குவித்ததில் பெரும்பகுதி அங்கேயே கிடந்து உருகி, குளத்துக்கே திரும்பிவிட்டது என்பதையும் அவரே சொல்லிவிடுகிறார்.)

தோரோ மட்டுமல்ல. சொந்தக்காலில் நிற்பதைப் பற்றி எழுதிய பழைய அமெரிக்கர்களில் நல்ல எழுத்தாளர்கள், யார் தோளில் கை வைத்து எழுந்தோம் என்பதையும் சேர்த்தே எழுதினார்கள். பிற்பாடு வந்த தன்னம்பிக்கை வியாபாரிகள்தான் அந்த வரிகளை அழித்துவிட்டு மிச்சத்தை விற்றார்கள் என்பது என் கட்சி.

பெஞ்சமின் ஃபிராங்க்ளினை எடுத்துக்கொள்ளுங்கள். 1723இல், பதினேழு வயதில், அண்ணனின் அச்சகத்திலிருந்து ஓடிப்போய்ப் பிலடெல்பியாவில் வந்து இறங்கிய பையன். கையில் மூன்று பெரிய ரொட்டியோடு தெருவில் நடக்கும் காட்சி எல்லோருக்கும் தெரியும். அதே தன்வரலாற்றில், தன் அச்சகம் கடனில் மூழ்கப் போன சமயம் இரண்டு நண்பர்கள் ஒருவருக்கொருவர் தெரியாமல் தனித்தனியே வந்து பணம் தருவதாகச் சொன்னதை எழுதுகிறார். இருவர் மனமும் நோகக்கூடாது என்று ஆளுக்குப் பாதியாக வாங்கிக்கொள்கிறார். மனைவி டெபோரா புத்தகம் மடித்துத் தைத்தது, கடையைக் கவனித்தது, காகிதம் செய்பவர்களுக்காகப் பழைய துணி வாங்கியது எல்லாம் நன்றியோடு பதிவாகியிருக்கிறது. இவரை 'யார் தயவும் இல்லாமல் முன்னேறியவர்' என்று மேடையில் சொல்பவர்கள் எந்தப் புத்தகத்தைப் படித்தார்களோ.

எமர்சன் விஷயத்தில்தான் எனக்கு இடறுகிறது. தற்சார்பு என்றே தலைப்பிட்டு 1841இல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்து பிய்த்தெடுத்த வரிகள்தான் வாட்ஸப் காலை வணக்கப் படங்களில் சூரிய உதயத்தின் மேல் மிதக்கின்றன. உன்னை நம்பு, பிறரைக் காப்பியடிப்பது தற்கொலை, இப்படி. படத்தில் வராத இடம் ஒன்றும் அதே கட்டுரையில் உண்டு. ஏழைகளுக்கு உதவுவது உன் கடமை என்று ஒருவர் சொல்ல, அவர்கள் என்னுடைய ஏழைகளா என்று எரிந்து விழுகிறார். சில சமயம் மனம் இளகி ஒரு டாலர் கொடுத்துவிடுகிறேன், அது கெட்ட டாலர் என்று வெட்கப்படுகிறார்.

சரி, எமர்சனின் டாலர் எங்கிருந்து வந்தது? முதல் மனைவி எல்லென் 1831இல் இளம்வயதிலேயே இறந்துபோனார். அடுத்த வருஷம் எமர்சன் பாதிரியார் வேலையை உதறினார். பிற்பாடு மனைவியின் சொத்தில் பங்கு வந்தது. அதிலிருந்து வருஷத்துக்குச் சுமார் 1,200 டாலர் வருமானம். ஓர் ஆளின் நாள் கூலி ஒரு டாலர் என்று தோரோ கணக்குப் போட்ட காலம் அது. கூலிக்காரர் ஒருவர் நாலு வருஷம் முதுகொடிந்தால் பார்க்கக்கூடிய தொகை. அந்தப் பணம் வந்தது தப்பே இல்லை. வேலையை விட்டது பணத்தை நம்பி அல்ல என்பதும் உண்மை. 1838இல் ஹார்வர்டு இறையியல் பள்ளியில் அவர் பேசிய பேச்சுக்காக அந்தப் பல்கலைக்கழகம் ஏறக்குறைய முப்பது வருஷம் அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை. தைரியசாலிதான். ஆனாலும் தற்சார்பைப் பற்றிய கட்டுரையில் ஒரு வரியாவது எல்லெனின் பெயரில் இருந்திருக்கலாம்.

மார்கரெட் ஃபுல்லர் 1845இல் வெளியிட்ட நூலில் மிராண்டா என்ற பெண் சொல்வாள்: தன்னையே சார்ந்து நிற்பது என்னிடம் மதிக்கப்பட்டது, மற்றப் பெண்களிடமோ அது குறையாகப் பார்க்கப்படுகிறது. எமர்சனின் நெருங்கிய தோழி எழுதிய இந்த வரி எந்தக் காலை வணக்கத்திலும் வருவதில்லை.

அதே 1845இல்தான், தோரோ குளக்கரைக்குக் குடிபோவதற்கு இரண்டு மாதம் முன்பு, அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த ஃபிரடெரிக் டக்ளஸின் தன்வரலாறு பாஸ்டனில் வெளிவந்தது. என்னைக் கேட்டால், தற்சார்பு பற்றிய அமெரிக்கப் புத்தகங்களில் முதலிடம் இதற்குத்தான். பால்டிமோர் கப்பல் பட்டறையில் அடிமையாக இருந்துகொண்டே கூலிக்கு வேலை செய்கிறார் டக்ளஸ். சனிக்கிழமை ராத்திரி முழுச் சம்பளத்தையும் எஜமானர் ஹியூ ஆல்டின் கையில் எண்ணி வைக்க வேண்டும். ஆறு டாலர் கொண்டுவந்து கொடுத்தால் சில சமயம் ஆறு சென்ட் எடுத்துத் தருவார், ஊக்கப்படுத்த. அந்த ஆறு சென்டுதான் டக்ளஸை உலுக்குகிறது. முழுப் பணமும் எனக்குச் சேர வேண்டியது என்று அவரே ஒப்புக்கொள்வதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று நினைக்கிறார். தன் கையால் உழைத்துப் பிழைப்பதை எமர்சன் ஒரு மனநிலையாக எழுதினார். டக்ளஸ் எழுதியது, உழைத்த கைக்குச் சொந்தக்காரன் யார் என்பதை.

எழுத்து படித்த கதையும் அப்படித்தான். எஜமானி தொடங்கிவைத்த பாடத்தை எஜமானர் நிறுத்திவிட, வீட்டு ரொட்டியைத் தெருவில் பசியோடிருந்த வெள்ளைக்காரப் பையன்களுக்குக் கொடுத்து, பதிலுக்குப் பாடம் கேட்டுக்கொள்கிறார். அந்தப் பையன்களின் பெயரை எழுத ஆசை, எழுதினால் அவர்களுக்குச் சங்கடம் வரும் என்று விட்டுவிடுகிறார். 1838 செப்டம்பர் 3 அன்று எப்படித் தப்பினார் என்பதையும் அந்தப் புத்தகத்தில் சொல்லவில்லை. உதவியவர்கள் மாட்டிக்கொள்வார்கள், பின்னால் வருபவர்களுக்கு வழி அடைபட்டுவிடும். கறுப்பின மாலுமி ஒருவரின் அடையாளப் பத்திரத்தை இரவல் வாங்கி ரயிலேறிய கதை, அடிமைமுறை ஒழிந்த பிறகு, 1881 தன்வரலாற்றில்தான் முழுதாக வருகிறது.

பிற்பாடு அவர் சுயமாக உருவான மனிதர்களைப் பற்றி ஊர் ஊராகச் சொற்பொழிவு ஆற்றினார். எடுத்த எடுப்பிலேயே, சரியாகச் சொன்னால் அப்படி ஒரு மனிதன் உலகில் கிடையாது என்றார். அப்புறம் உழைப்பு, உழைப்பு என்று அடுக்கினார். ஒன்றுமில்லாமல் ஒருவனையும் ஆயிரம் வருஷத்துச் சாதகங்களோடு இன்னொருவனையும் ஓடவிட்டுப் பார்ப்பது நியாயமான போட்டி ஆகாது என்றும் சொன்னார். இரண்டையும் ஒரே பேச்சில் சொல்ல அவருக்குத் தயக்கம் இருக்கவில்லை.

அவரிடமும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. தப்பிக்கப் பணம் கொடுத்தவர் ஆன்னா மரி. வீட்டுவேலை செய்து சேர்த்த காசு. பிறகு அவருடைய மனைவியானவர். டக்ளஸ் எழுதிய மூன்று தன்வரலாறுகளிலும் ஆன்னாவுக்குக் கிடைத்த இடம் சொற்பம். 1845இல் அவர் செய்த உதவியை மறைத்தது பாதுகாப்புக்காக என்றே வைத்துக்கொள்வோம், 1881இல் எதற்காக? அந்தக் கணக்கை 1900இல் மகள் ரோசெட்டாதான் அம்மாவைப் பற்றிய ஒரு சிறு நினைவுரையில் நேர் செய்தார். டக்ளஸைப் படிக்க எடுப்பவர்கள் அதையும் தேடிப் படித்துவிடுங்கள்.