ரீசேர்ட்டின் முன்பக்கம் யாருக்கு?

நண்பர் ஒருவரின் மகன் அடுத்த கோடையில் ரொறன்ரோவிலிருந்து ஒட்டாவா வரை ஓடப் போகிறான். சேருகிற காசு சிறுவர் புற்றுநோய் சிகிச்சைக்கு. அனுசரணை தர ஒரு கொம்பனியும் முன்வந்திருக்கிறது: ஐயாயிரம் டொலர். ஆனால் ரீசேர்ட்டின் முன்பக்கம் கொம்பனியின் பெயர், மருத்துவமனையின் பெயர் முதுகில். தினமும் கொம்பனிக்கு நன்றி சொல்லி ஒரு வீடியோ. கடைசி நாள் மேடையில் அந்தப் பெரிய மட்டைக் காசோலையை முதலாளிதான் தூக்கிப் பிடிப்பார். "அங்கிள், ஓம் என்று சொல்லட்டோ?" என்று கேட்டான்.

எனக்கு உடனே டெரி ஃபொக்ஸ்தான் நினைவுக்கு வந்தான், புற்றுநோயால் ஒரு காலை இழந்தபிறகு, புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் காசு சேர்க்கக் கனடாவைக் குறுக்கே ஓடிக் கடக்கப் புறப்பட்ட பெடியன். (22 வயதில் போனவனை இந்த வயதில் 'அவர்' என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.) 1980 ஜூலையில் எங்கள் ஸ்காபுறோ சிவிக் சென்ரரில் நின்று பேசியவன். அப்போது எங்களில் முக்கால்வாசிப் பேர் கனடாவை வரைபடத்தில்கூடத் தேடிப் பார்த்திருக்க மாட்டோம். இப்போது செப்டெம்பர் வந்தால் எங்கள் பிள்ளைகள் அவன் பெயரைச் சொல்லித்தான் இரண்டு டொலர் நாணயம் கேட்கிறார்கள்.

அவன் கொம்பனிகளிடம் போகவில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். போனான். கடிதம் எழுதிக் கேட்டான். ஃபோர்ட் ஒரு வான் கொடுத்தது, இம்பீரியல் ஒயில் எரிபொருளுக்கு உதவியது, அடிடாஸ் சப்பாத்து கொடுத்தது. எங்கள் பொருளுக்கு விளம்பரம் செய் என்று வந்தவர்களையும், நிபந்தனையோடு காசு நீட்டியவர்களையும் திருப்பி அனுப்பினான். இந்த ஓட்டத்தில் யாரும் லாபம் பார்க்கக் கூடாது என்பதில் ஒரே பிடி.

கேட்டது எல்லாம் வான், எண்ணெய், சப்பாத்து. எல்லாமே ஓடுவதற்கான செலவு. அந்தச் செலவைக் கொம்பனி ஏற்றுக்கொண்டால், றோட்டோரத்தில் ஒரு கிழவி போடுகிற டொலர் முழுதாக ஆராய்ச்சிக்குப் போகும். இதுதான் அனுசரணையின் சரியான இடம் என்பது என் எண்ணம்.

நல்ல முதலாளிக்கு உதாரணமும் அதே கதையில் இருக்கிறது. ஃபோர் சீசன்ஸ் ஹோட்டல்களின் இசடோர் ஷார்ப். தன் மகனைப் புற்றுநோய்க்குக் கொடுத்தவர். தொடக்கத்தில் சில மாகாணங்களில் காசு மிகவும் மந்தமாகத்தான் சேர்ந்தது. டெரி சோர்ந்துபோன நேரத்தில், மைலுக்கு 2 டொலர் தருகிறேன் என்றார் அவர். அதோடு நிற்காமல் இன்னும் 999 கொம்பனிகளும் வாருங்கள் என்று பகிரங்கமாகக் கூப்பிட்டார். தான் தனியாக மேடை ஏறாமல் மற்றக் கொம்பனிகளையும் இழுத்துக்கொண்டு வந்த மனிதர்.

143 நாட்கள், 5,373 கிலோமீற்றர், ஒரு செயற்கைக் கால். தண்டர் பேக்குக் கிட்ட நுரையீரலில் புற்றுநோய் வந்து நிறுத்திவிட்டது. கனடியர் ஒருவருக்கு ஒரு டொலர் என்ற அவன் கணக்கு 1981 பெப்ரவரியில் நிறைவேறியது: 2 கோடியே 41 லட்சத்துக்கு மேல். ஜூனில் போய்விட்டான். அந்த வருடம் செப்டெம்பரில் முதல் நினைவு ஓட்டத்துக்கு முன்னின்றவரும் ஷார்ப்தான். ஆனால் அந்த ஓட்டம் ஃபோர் சீசன்ஸ் ஓட்டம் ஆகவில்லை, டெரி ஃபொக்ஸ் ஓட்டம்தான்.

நான் போன வருடம் போன ஒரு தர்ம நடையில், ரீசேர்ட்டின் முதுகில் பதினான்கு சின்னங்கள். அனுசரணையாளர்களுக்குப் பொன்னாடை போட்டு முடிக்க முக்கால் மணி நேரம். பிள்ளைகள் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். எந்த மருத்துவமனைக்கு நடக்கிறோம் என்று பக்கத்தில் நின்ற இரண்டு பேரிடம் கேட்டேன், இருவருக்கும் தெரியவில்லை.

கொம்பனிக்காரரைத் திட்டவில்லை. வியாபாரம் செய்பவர் பெயர் தெரிய வேண்டும் என்று நினைப்பது இயல்பு. வானின் பக்கவாட்டில் எழுதட்டும், எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் எழுதட்டும். ஓடுகிற பிள்ளையின் நெஞ்சு மட்டும் வேண்டாம்.

பெடியனிடம் இதைத்தான் சொன்னேன். ஐயாயிரத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இரண்டு கிழமைக்கு ஒரு வான், எண்ணெய்க் காசு, இரவு தங்க இடம், மூன்று சோடி சப்பாத்து கேட்டு எழுது என்றேன். எழுதிவிட்டான். பத்து நாளாகப் பதில் இல்லை.

சரி, யாரிடமாவது சும்மா நிற்கிற வான் இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள்.