கார்ட் காலியானால் போன் மீதா பழி?

நேற்று எங்கள் ஆண்ட்ராய்டு டெவலப்பர் குரூப்பில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பார்க்காதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். சுங்குடிச் சேலை ஆப்பில் பணம் கட்டிவிட்டுத் திரும்பினால் கார்ட் (வாங்க எடுத்து வைத்தவற்றின் பட்டியல்) காலியாகிறது என்று எழுதினேன். வந்த பதில்: "2 ஜிபி போன் வச்சிருக்கவங்க நம்ம கஸ்டமரே இல்ல ப்ரோ." கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜி.

சரி, சிரியுங்கள். நான் சொன்னது இவ்வளவுதான்: ஒரு ஸ்கிரீனிலிருந்து இன்னொன்றுக்கு டேட்டா மூட்டையைச் சுமக்காதீர்கள். ஐடியை, அதாவது அடையாள எண்ணை மட்டும் அனுப்புங்கள். சரக்கு டேட்டாபேஸில் இருக்கட்டும். அடுத்த ஸ்கிரீன், டேட்டாவை எடுத்துக் கொடுக்கும் ரெபாசிட்டரியிடம் ஐடியைக் காட்டி வாங்கிக்கொள்ளும்.

அந்த ஆப்பில் கார்ட் இருப்பது ஒரு சிங்கிள்டனுக்குள் (ஆப் முழுக்க ஒன்றே ஒன்றாக இருக்கும் ஆப்ஜெக்ட்), அதாவது வெறும் மெமரியில். பணம் கட்ட யுபிஐ ஆப் திறக்கிறது. ராம் போதாவிட்டால், பின்னால் கிடக்கும் நம் ஆப்பின் பிராசஸை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஆப்பையே, ஆண்ட்ராய்டு கொன்றுவிடும். திரும்பி வந்தால் அதே பில் ஸ்கிரீன் நிற்கும், சிங்கிள்டன் மட்டும் 'நீங்க யாரு?' என்று முழிக்கும். இது போனின் கோளாறு இல்லை. ஆண்ட்ராய்டு வேலை செய்யும் விதமே அதுதான்.

அப்பா மதுரை மாட்டுத்தாவணியில் பூ கமிஷன் கடையில் இருந்தவர். அங்கே ஒரு கணக்குப்பிள்ளை, யாருக்கு எத்தனை கிலோ மல்லி, எவ்வளவு பாக்கி, எல்லாம் மனசிலேயே வைத்திருப்பார். பேரேட்டை ராத்திரிதான் எழுதுவார். ஒரு சித்திரையில் எழுதாமலே அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போனவர், மூன்று நாள் கழித்து வந்தார். பாதிக் கணக்கு வைகையோடு போயிருந்தது. அதற்குப் பிறகுதான் துண்டுச்சீட்டு வந்தது. சீட்டில் நம்பர் மட்டும், மற்றதெல்லாம் பேரேட்டில். அப்பா டிசைன் பேட்டர்ன் (புரோகிராம் எழுதுவதற்கான தேர்ந்த வழிமுறைகள்) படித்தவர் இல்லை.

"சிங்கிள்டனும் பேட்டர்ன்தானே?" ஆமாம், 1994-ல் நாலு பேர் எழுதிய டிசைன் பேட்டர்ன் புத்தகத்தில் உள்ள 23 பேட்டர்னில் அதுவும் ஒன்று. இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? ரெபாசிட்டரியையே சிங்கிள்டனாக வையுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. கார்ட்டின் ஒரே பிரதி அதற்குள் இருக்கக் கூடாது என்கிறேன்.

"மொத்த லிஸ்ட்டையும் இன்டென்ட்டில் போட்டுவிடலாமே?" இன்டென்ட் என்பது ஸ்கிரீனுக்கு ஸ்கிரீன் போகும் கடிதம். அது போகும் வழியான பைண்டர் பஃபர் 1 எம்பி. அதுவும் அந்த பிராசஸில் நடக்கிற எல்லாப் பரிமாற்றத்துக்கும் சேர்த்து. சேலைப் படங்களையும் சேர்த்து அனுப்பிப் பாருங்கள், ஆப் விழும்.

"வியூமாடல் இருக்கே?" இருக்கிறது. ஸ்கிரீனின் டேட்டாவை வைத்திருக்க 2017-ல் கூகுள் கொடுத்தது, ஃப்ராக்மென்ட்டுகளுக்குள் (ஸ்கிரீனின் துண்டுகள்) பகிர நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். போனைத் திருப்பினால் அது பிழைக்கும், பிராசஸ் செத்தால் உடன்கட்டை ஏறிவிடும். பிராசஸ் செத்தாலும் ஆண்ட்ராய்டு காத்து வைக்கும் சேவ்டு ஸ்டேட்டில் ஐடியை வைத்தால் மட்டும் மீட்கலாம். ஐடியை, மூட்டையை இல்லை!

"டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ் ஆன் பண்ணிப் பார்த்தேன், ஒண்ணும் ஆகல" என்றவருக்கு: அந்த டெவலப்பர் செட்டிங், விட்டு விலகிய ஸ்கிரீனைத்தான் அழிக்கும், பிராசஸ் உயிரோடு இருக்கும், உங்கள் சிங்கிள்டனும் சௌக்கியமாக இருக்கும். ஹோமுக்குப் போய், கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குக் கட்டளை கொடுக்கும் ஏடிபி வழியாக பிராசஸைக் கொன்று, ரீசன்ட்ஸிலிருந்து திறந்து பாருங்கள். அப்புறம் பேசலாம்.

"சின்ன ஆப்புக்கு இவ்வளவு எதுக்கு?" என்பவருக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

பொறுமை எங்கே போனது என்றும் சொல்லிவிடுகிறேன். "மதுரையில உக்காந்து ஆர்க்கிடெக்சர் கிளாஸா?" என்று ஒருவர் கேட்டாரே, அங்கே போனது. அந்தக் குரூப்பில் இவர்கள் கேட்ட சந்தேகங்களுக்கு ராத்திரி 12 மணிக்கு உட்கார்ந்து பதில் எழுதியபோது நான் எந்த ஊரில் இருந்தேனாம்? அப்போது யாரும் கேட்கவில்லை.

அந்த 2 ஜிபி போன் என் அம்மாவுடையது. மூன்று தடவை கார்ட்டில் போட்டார், மூன்று தடவையும் போனது. "நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன் போல" என்றார். கஸ்டமரே இல்லையாம்.

இன்று காலை பஸ் ஏறி விளக்குத்தூண் பக்கம் போய் வேறு கடையில் சேலை எடுத்து வந்துவிட்டார். அரக்கு நிறம், நன்றாகத்தான் இருக்கிறது.