கோழிப்பண்ணை நெடியை மூக்கால் அளக்க முடியாது

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை நாற்றம் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டே பதில்தான் வரும். பண்ணைக்காரர் "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க, பழகிடும்" என்பார், பக்கத்து வீட்டுக்காரர் "ராத்திரி ஜன்னலைத் திறக்க முடியலீங்க" என்பார். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. கோழி எருவிலிருந்து கிளம்பும் அமோனியா வாயுவின் குணம் அப்படி. நாள் முழுக்க அதிலேயே நிற்கிறவருக்கு மூக்கு மரத்துப்போகும், புதிதாக உள்ளே நுழைகிறவருக்குக் கண் எரியும். அதனால் இந்தச் சண்டையை யார் மூக்கையும் நம்பித் தீர்க்க முடியாது, ஒழுங்காக அளந்துதான் ஆகவேண்டும்.

ஒழுங்காக என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் சொந்தக்காரர் தெருவில் புகார் கொடுத்து, ஒருவழியாக அதிகாரிகள் பார்க்க வந்தார்கள். வந்தது பட்டப்பகல், கையில் ஒரு சின்ன மீட்டர். வேலி ஓரம் நீட்டினார்கள், சைபர் காட்டியது, எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த மாதிரிக் கைமீட்டர் பெரும்பாலும் ஐஸ் பேக்டரி, குளிர்பதனக் கிடங்குகளில் கசிவு பார்க்கிற ரகம், ஒரு பிபிஎம் இரண்டு பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு) என்று முழு எண்ணில்தான் காட்டும். 2009ல் வந்த நம் தேசியக் காற்றுத் தர அளவுகோலோ, அமோனியா 24 மணி நேரச் சராசரியாக ஒரு கனமீட்டருக்கு 400 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரியாக 100 என்கிறது. 400 மைக்ரோகிராம் என்பது ஏறக்குறைய 0.6 பிபிஎம். ஆண்டு வரம்பு அதிலும் கால்வாசி. வரம்பைத் தாண்டினாலும் அந்த மீட்டர் சைபர் காட்டலாம்! அதோடு, வெயில் நேரத்தில் காற்று மேலே எழும்பிக் கலைந்துவிடும், ராத்திரியில் அசையாமல் தரையோடு தங்கும். ஜனங்கள் ராத்திரியைப் பற்றிப் புகார் சொன்னால் பகல் பதினோரு மணிக்கு வந்து அளப்பது என்ன கணக்கு?

இது வெறும் நாற்றப் பிரச்சினை என்று தள்ளுகிறவர்களுக்கு ஒன்று. அமோனியா காற்றில் சும்மா இருக்காது. வண்டிப் புகை, நிலக்கரிப் புகையிலிருந்து வரும் அமிலங்களோடு சேர்ந்து பிஎம் 2.5 என்கிற நுண்துகளாக மாறும், நுரையீரலின் அடி வரைக்கும் போகும்.

நெதர்லாந்தில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று படித்தபோது பொறாமையாக இருந்தது. அங்கே 2005 முதல் இயற்கைக் காப்புப் பகுதிகளில் விரல் நீளக் குழாய்களைக் கம்பத்தில் தொங்கவிடுகிறார்கள். உள்ளே அமிலம் தோய்த்த ஒரு வலை, அது அமோனியாவைப் பிடித்து வைக்கும். கரண்ட் வேண்டாம், பம்ப் வேண்டாம். மாதம் ஒருமுறை உள்ளூர் ஆட்களே குழாயை மாற்றி லேபுக்கு அனுப்புகிறார்கள். எந்த ராத்திரி எவ்வளவு ஏறியது என்று அது சொல்லாது, மாதச் சராசரிதான் கிடைக்கும். ஆனால் ஆண்டு வரம்போடு ஒப்பிட அது போதும்.

அங்கேயும் சண்டை இல்லாமல் இல்லை. அமோனியா போன்ற நைட்ரஜன் மாசு இயற்கைப் பகுதிகளைக் கெடுக்கிற விவகாரத்தில் 2019ல் நீதிமன்றத் தீர்ப்பு வந்து பண்ணை, கட்டுமான அனுமதிகள் நின்றுபோக, விவசாயிகள் டிராக்டரோடு அரசாங்கம் இருக்கிற தி ஹேக் நகருக்கே வந்துவிட்டார்கள். மாசைக் கணிக்கிற உங்கள் கம்ப்யூட்டர் கணக்கை நாங்கள் ஏன் நம்பவேண்டும் என்பது அவர்கள் கேட்ட கேள்விகளில் ஒன்று. அதை ஆராய்ந்த நிபுணர் குழு 2020ல், நாடு முழுமைக்கும் கணக்கு சரிதான், உள்ளூர் அளவில் சொல்ல இன்னும் நிறைய இடங்களில் அளக்கவேண்டும் என்றது. ஆக, அளவு விவசாயிக்கும்தான் தேவை.

நம் பண்ணைக்காரர்களும் "யூரியா போடுற வயல்ல இருந்தும்தான் அமோனியா வருது, எங்களை மட்டும் ஏன் புடிக்கிறீங்க" என்கிறார்கள். நியாயமான கேள்வி. அப்படியென்றால் காற்று வரும் பக்கம் ஒரு குழாய், காற்று போகும் பக்கம் ஒரு குழாய் மாட்டுவோம். யாருடைய பங்கு எவ்வளவு என்று ஓரளவுக்காவது தெரியவரும்.

இன்னொரு லாபமும் உண்டு. எருவில் ஈரம் ஏற ஏற அமோனியா கூடும், கோழி தண்ணீர் குடிக்கிற நிப்பிள் ஒன்று ஒழுகினால் அதை மாற்றினாலே கொஞ்சம் வித்தியாசம் தெரியும். ஈ வராமல் இருக்கட்டும் என்று எருமேல் சுண்ணாம்பைத் தூவுகிறார்களே, அது காரத்தை ஏற்றி இருக்கிற அமோனியாவையும் கிளப்பிவிடும். நல்லது என்று நினைத்துச் செய்கிற வேலை எது உதவுகிறது, எது கெடுக்கிறது என்று அளக்காமல் எப்படித் தெரியும்?

ஒரு லட்சம் கோழிக்குக் கீழே என்றால் மாசுக் கட்டுப்பாட்டு அனுமதியே வேண்டாம் என்றிருந்த சலுகையைப் பசுமைத் தீர்ப்பாயம் 2020ல் கேள்வி கேட்டது, அப்புறம் விதிகள் இறுகின. சரி, நல்லதுதான். ஆனால் அனுமதிக் காகிதம் காற்றை அளக்காது. முட்டை விலையைத் தினமும் அறிவிக்கிற ஊர் இது, மாதம் ஒரு அமோனியா எண்ணை அறிவிப்பது பெரிய காரியமா? கால்நடை மருத்துவக் கல்லூரியும் இங்கேயே இருக்கிறது. பண்ணைகளை ஒட்டிய பள்ளிக்கூட மதில்களில் முதலில் மாட்டுங்கள், பண்ணைக்காரர் ஒருவரையும் தெருக்காரர் ஒருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே குழாயை மாற்றுங்கள். கெமிஸ்ட்ரி லேப் கைவசம் உள்ளவர்கள் யாராவது இந்தப் பதிவைப் பார்த்தால், ஒரு குழாய்க்கு எவ்வளவு செலவாகும் என்று கமெண்டில் சொல்லுங்கள்.