ஆரணி ரோடு 'என்.எச். 4' அல்ல

"ஆற்காடு–ஆரணி ரோடு பழைய என்.எச். 4. அதனால் திமிரி பக்கம் டோல்கேட் வருகிறது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டு ரோடுக்கும் ஒரே நம்பர் 4 என்பதால் வந்த குழப்பம் இது.

ஆற்காட்டிலிருந்து திமிரி, ஆரணி, சேத்துப்பட்டு, செஞ்சி வழியாக விழுப்புரம் போவது மாநில நெடுஞ்சாலை 4. பழைய தேசிய நெடுஞ்சாலை (என்.எச்.) 4 வேறு: மும்பை, பெங்களூரு, சித்தூர், ராணிப்பேட்டை, காஞ்சிபுரம் வழியாகச் சென்னை வந்தது. 2010-ல் எண்களை மாற்றியபோது அதன் சித்தூர்–ராணிப்பேட்டை துண்டு என்.எச். 40-க்குள் போனது. ராணிப்பேட்டை–சென்னை துண்டு என்.எச். 48-க்குள் போனது. இன்றைய என்.எச். 4 அந்தமானில் இருக்கிறது! அங்கிருந்து திமிரிக்கு டோல் போட யாராலும் முடியாது.

சந்தேகம் இருந்தால் கிலோமீட்டர் கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநிலம். புதிதாகப் பெயின்ட் அடித்த கல்லில் நிறம் மாறிப்போவதும் உண்டு. பக்கத்துக் கல்லையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

பச்சைக் கல் இருந்தால் டோலே வராது என்பதும் தப்பு. கிழக்குக் கடற்கரைச் சாலை மாநில நெடுஞ்சாலையாக இருந்தபோதே அங்கே கட்டணம் வாங்கினார்கள். டோலுக்கு அரசிதழ் அறிவிக்கை வேண்டும். ரோட்டு நம்பர் மட்டும் போதாது.

செய்தியில் "வட ஆற்காடு மாவட்டச் சாலை" என்றும் இருக்கிறது. அந்த மாவட்டம் 1989-லேயே பிரிந்துவிட்டது. இன்று திமிரி ராணிப்பேட்டை மாவட்டம், ஆரணி திருவண்ணாமலை மாவட்டம்.