பனிமனிதனைத் தேடியவர்கள் கண்டுகொள்ளாத கரடி

2019 ஏப்ரல் இறுதியில் இந்திய ராணுவம் தன் ட்விட்டர் பக்கத்தில், நேபாளத்தின் மக்காலு சிகரத்தின் அடிவார முகாம் அருகே 32 அங்குல நீளமும் 15 அங்குல அகலமும் கொண்ட காலடித் தடங்களைத் தன் மலையேற்றக் குழு கண்டதாகப் படங்களுடன் அறிவித்தது. இமயமலையில் உலவுவதாக நம்பப்படும் யெட்டி எனும் பனிமனிதன் உடனே உலகெங்கும் பேசுபொருளானான். அவை அப்பகுதியில் அவ்வப்போது தென்படும் காட்டுக் கரடியின் தடங்கள்தாம் என்று உள்ளூர் மக்கள் சொன்னதை நேபாள ராணுவம் தெரிவித்தபோது, அதைப் பகிர்ந்தவர்கள் மிகச் சிலரே. அந்த அலட்சியம்தான் என்னை உறுத்துகிறது.

இது நூறாண்டுப் பழக்கம். 1921இல் எவரெஸ்டை ஆய்வு செய்யச் சென்ற சார்லஸ் ஹோவர்ட் பரி, லக்பா லா கணவாயில் கண்ட தடங்கள் ஓநாயுடையவையாக இருக்கலாம் என்றே கருதினார். ஆனால் சுமை தூக்கி வந்தவர்கள் சொன்ன பனிமனிதன் கதைதான் கல்கத்தா பத்திரிகை வழியே, கேட்டாலே மிரள வைக்கும் ஒரு பெயருடன் உலகைச் சுற்றியது. 1951இல் இமயமலையின் மென்லுங் பனியாற்றில் மலையேறி எரிக் ஷிப்டன், அளவு தெரிவதற்காகப் பனிக்கோடரியைப் பக்கத்தில் வைத்து எடுத்த ஒற்றைத் தடத்தின் படம் இன்றளவும் சான்றாகக் காட்டப்படுகிறது.

பனியில் பதியும் தடம் பதிந்தபடியே இருப்பதில்லை என்பதை இந்தப் படங்களைப் பார்ப்பவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். கரடி நடக்கும்போது அதன் பின்னங்கால் பெரும்பாலும் முன்னங்கால் பதிந்த இடத்திலேயே, சற்றே முன்னோ பின்னோ விழுகிறது. இரண்டு தடங்களும் ஒன்றாகி, ஒரே நீண்ட பாதமாகத் தெரிகின்றன. நான்கு கால்களின் தடம் இரு கால்களின் தடமாகத் தோன்றுவதும் இதனால்தான். அதன்பின் வெயில் ஏறும்போது குழியின் விளிம்புகள் உருகி அகலுகின்றன, நகக்குறிகள் மறைகின்றன, விரல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து தடிக்கின்றன. காலையில் கரடியின் காலடியாக இருந்தது, மாலையில் அரக்கனின் காலடியாகிவிடுகிறது.

அந்த மலைகளில் வாழும் ஷெர்பா மக்களை நான் குறைசொல்லவில்லை. யெட்டி அவர்களுடைய நம்பிக்கையிலும் மடாலயச் சடங்குகளிலும் வாழ்கிறது. அதை எவருக்கும் நிரூபித்துக் காட்ட வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை. வெளியிலிருந்து வந்தவர்கள் நடந்துகொண்ட விதத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நேபாளத்தின் பாங்போச்சே மடாலயத்தில் போற்றப்பட்ட 'யெட்டியின் கை'யிலிருந்து 1950களின் இறுதியில் ஒரு விரலை அகற்றி, இந்தியா வழியாக ரகசியமாக லண்டனுக்குக் கொண்டுபோனார்கள். அது மனித விரல் என்று 2011இல் மரபணுச் சோதனை காட்டியது. எஞ்சிய கையோ அதற்கு முன்பே திருடுபோயிருந்தது. எட்மண்ட் ஹில்லரி 1960இல் கும்ஜுங் கிராமத்தின் 'யெட்டி மண்டைத் தோலை' ஊராரிடம் முறையாகக் கேட்டு, ஊர்ப் பெரியவர் குஞ்சோ சும்பியையும் உடன் அழைத்துச் சென்று, ஆய்வு முடிந்ததும் திருப்பித் தந்தார். அது செரோ என்ற காட்டாட்டின் தோலில் செய்யப்பட்டது என்று தெரிந்தது. உண்மையைத் தேடுவதற்கும் மரியாதையான வழி ஒன்று உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

2017இல் உயிரியல் ஆய்வாளர் சார்லட் லிண்ட்க்விஸ்ட் குழுவினர், யெட்டியுடையவை எனப்பட்ட எலும்பு, பல், தோல், முடி, சாணம் என 9 மாதிரிகளை ஆராய்ந்தார்கள். எட்டு கரடியுடையவை, ஒன்று நாயுடையது. அதே ஆய்வுதான், இமயமலைப் பழுப்புக் கரடி ஏறத்தாழ 6,50,000 ஆண்டுகளுக்கு முன்பே மற்றப் பழுப்புக் கரடிகளிலிருந்து பிரிந்த தொல்மரபு என்பதையும் கண்டறிந்தது. கற்பனை உயிரினத்தைத் தேடிப் போன இடத்தில் இத்தனை பழமையான ஓர் உயிர் உண்மையாகவே இருக்கிறது. ஆனால் தலைப்புச் செய்திகள் 'யெட்டி இல்லை' என்பதோடு முடிந்துவிட்டன.

அந்தக் கரடி இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. பாகிஸ்தானின் தியோசாய் பீடபூமியில் பெண் கரடி ஏறக்குறைய எட்டு வயதில்தான் முதன்முறை ஈனுகிறது. அடுத்த ஈற்றுக்கு ஐந்தாண்டுக்கு மேலாகிறது. ஒன்று கொல்லப்பட்டால்கூட அந்த இழப்பு ஈடாக நெடுங்காலம் பிடிக்கும். அங்கே இருபதுக்கும் குறைவாகச் சுருங்கிய கரடிகள், 1993இல் தேசியப் பூங்கா அமைத்துக் காத்த பிறகே மெல்லப் பெருகின. ஆகவே இனியொரு முறை பனியில் பெருந்தடம் கண்டதாக அறிவிப்பவர்கள், ராணுவமாகவே இருந்தாலும், படத்தோடு அந்த இடத்தையும் உயரத்தையும் தடம் சென்ற திசையையும் குறித்து, முதலில் அப்பகுதி வனவிலங்குத் துறையிடம் ஒப்படைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.